சுவரில் தொங்கும் சீதாப்பழம்

மும்பை சத்திரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் தினமும் காலையில் ரெயிலை விட்டு இறங்கி ஓடும் தமிழர்களில், கிராபோர்டு மார்க்கெட்டைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. மாம்பழ சீசனில் ரத்னகிரிப் பழத்தின் வாசனை ரோடு வரைக்கும் வந்து ஆளை இழுக்கும். ஆனால் அதே ரோட்டின் மறுபுறம், மரங்கள் அடர்ந்த காம்பவுண்டுக்குள் இருக்கும் ஜே.ஜே. ஓவியப் பள்ளியை எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1857-ல் தொடங்கிய பள்ளி அது. 1869-ல் கட்டி முடித்த மார்க்கெட்டின் வாசலுக்கு மேலே உள்ள கல் சிற்பங்களைச் செய்தவர், அந்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்த லாக்வுட் கிப்ளிங். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பழத்தை எடைபோட்டு விற்கிறார்கள். அந்தப் பக்கம் பழத்தை மேஜை மேல் வைத்து, பார்த்து வரையக் கற்றுக்கொடுக்கிறார்கள். விற்கும் பழம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். வரைந்த பழம் இருநூறு, முந்நூறு வருஷம்கூட இருக்கும்!

ஆளும் இல்லை, கதையும் இல்லை. ஒரு தட்டு, நாலு பழம், கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் நிழல். 'ஸ்டில் லைஃப்' என்று ஓவியர்கள் சொல்லும் அசையாப் பொருள் ஓவியம் இதுதான். இதிலும் சின்னதாக, ஒரு சாண் அகலத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பழப் படங்களை வாங்கி வீட்டில் மாட்டுகிற பழக்கம் உலகத்தில் பல இடங்களில் உண்டு. இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறு.

குர்லாவில் ஒரு சுவர்

குர்லாவில் ஒரு சாலில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அங்கே குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் துறைமுகச் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் 31 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வீட்டுச் சுவரில் முருகன் காலண்டர், மாலை போட்ட பெற்றோர் போட்டோ, கடிகாரம் ஆகியவற்றோடு ஐந்து சிறிய எண்ணெய் வண்ணப் படங்களும் இருக்கின்றன. இரண்டு ஆரஞ்சு. ஒரு சீப்பு வாழைப்பழம். உப்பும் மிளகாய்ப் பொடியும் வைத்த காகிதத்தின் மேல் கீறிய கொய்யா. பாதி அறுத்த மாம்பழம். அங்கங்கே வண்ணம் உதிர்ந்துபோன ஒரு சீதாப்பழம்.

முதலில் வாங்கியது ஆரஞ்சுப் படம். 1988-ல், படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பிய ஓவிய மாணவர் ஒருவரிடம் 150 ரூபாய்க்கு வாங்கினார். அன்று அவருடைய மாதச் சம்பளம் 1,400 ரூபாய்.

வீட்டில் என்ன வரவேற்பு கிடைத்தது?

"பிள்ளைக்கு ரெண்டு ஆரஞ்சு வாங்கிட்டு வாங்கன்னா, படத்துல உள்ள ஆரஞ்சைக் கொண்டாந்து நிக்கியளே!" என்று மனைவி கேட்டதை இன்றும் அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அன்று அது சிரிக்கும்படியான விஷயமாக இல்லை. ஒரு வாரம் அந்தப் படம் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால்தான் கிடந்ததாம்.

அந்த அம்மா கேட்டதில் நியாயம் உண்டு. பழம் வாங்கவே யோசிக்கிற வீட்டுக்குப் பழப் படம் எதற்கு? இதே கேள்வியை சுமார் 380 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் கேட்காத குறையாகக் கேட்டிருக்கிறார்.

செருப்புத் தைப்பவர் கடையிலும் ஓவியம்

அவர் பெயர் பீட்டர் மண்டி. இங்கிலாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக 1628-ல் சூரத் வந்து இறங்கி, ஆக்ரா, பாட்னா என்று சுற்றியவர். தாஜ்மகால் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததை நேரில் பார்த்து எழுதி வைத்தவர்.

இதே மண்டி 1640-ல் ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குப் போனார். அங்கே அவர் கண்டது அவரைத் திகைக்க வைத்தது. கசாப்புக் கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர் எல்லோரும் கடையில் ஓவியம் மாட்டி வைத்திருந்தார்கள். கொல்லன் பட்டறையில் உலைக்குப் பக்கத்தில் ஒரு படம். செருப்புத் தைப்பவர் உட்காரும் இடத்தில் ஒரு படம்! தாஜ்மகால் எழும்பியதைப் பார்த்த கண்ணுக்கு இது அதிசயமாகப் பட்டிருக்கிறது என்றால், விஷயம் சாதாரணமானது அல்ல.

ஹாலந்தில் மட்டும் ஏன் அப்படி? மற்ற நாடுகளில் ஓவியனுக்கு வேலை கொடுத்தவர்கள் அரசனும் மாதா கோவிலும். ஹாலந்தில் அரசன் இல்லை. அங்கே பரவியிருந்த கிறிஸ்தவப் பிரிவினர் கோவிலுக்குள் படம் வைப்பதையே விரும்பவில்லை. கப்பல் வியாபாரத்தில் காசு மட்டும் ஊருக்குள் புரண்டது. எனவே ஓவியர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தாங்களாக வரைந்து சந்தைக்குக் கொண்டு போனார்கள். திருவிழாக் கடைகளில் விற்றார்கள். லாட்டரி போட்டும் தள்ளினார்கள்.

போட்டி அதிகம் ஆனதால் ஒவ்வொருவரும் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கப்பல், ஒருவர் மாடு, ஒருவர் பழம். ஆயுள் முழுக்க திராட்சையும் பீச் பழமும் வரைந்த கை வேகமாக ஓடும். வேகமாக வரைந்தால் விலை குறையும். கைதேர்ந்த ஒரு தொழிலாளியின் நாள் கூலி ஏறக்குறைய ஒரு கில்டராக இருந்த காலத்தில், ஒன்றிரண்டு கில்டருக்குச் சட்டம் போடாத சின்னப் படங்கள் கிடைத்தன. வெள்ளிக் கிண்ணமும் நண்டும் எலுமிச்சையுமாகப் பெரிய கித்தானில் பரப்பி வரைந்த ஆடம்பரப் படங்களும் உண்டு. அவற்றின் பக்கம் ஏழை போக முடியாது. அதுவும் இதுவும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

பழப் படத்துக்கு விலை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மரியாதை குறைவு! பிரான்சில் பெலிபியென் என்ற அறிஞர் 1667-ல் ஓவியங்களை ஏணிப்படி மாதிரி தரம் பிரித்தார். மனிதர்களையும் பெரிய சரித்திரங்களையும் வரைபவர்கள் மேல் படியில். பழம், பூ, கிளிஞ்சல் வரைபவர்கள் கீழ்ப் படியில். அந்தக் கீழ்ப் படியில்தான் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. மனித உடலைப் பார்த்து வரையும் பயிற்சிக்குப் பெண்களை அன்று சேர்க்கவில்லை. பழத்தைப் பார்த்து வரைய யார் தடுக்க முடியும்? ஆண்ட்வெர்ப் நகரத்தோடு தொடர்புடைய கிளாரா பீட்டர்ஸ், பாரீசில் லூயிஸ் மொய்யோன் ஆகிய பெண்கள் பழம் வரைந்தே பெயர் எடுத்தார்கள். ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற பிராடோ மியூசியம் ஒரு பெண் ஓவியருக்காக முதன்முதலாகத் தனிக் கண்காட்சி வைத்தது 2016-ல். அந்த முதல் பெண் கிளாரா பீட்டர்ஸ்தான்.

குமாஸ்தாக்கள் எழுதிய சாட்சி

யார் வீட்டில் என்ன படம் இருந்தது என்பது இன்று எப்படித் தெரிகிறது? இங்கேதான் குமாஸ்தா வர்க்கம் பெருமைப்படலாம். ஹாலந்தில் வீட்டுக்காரர் இறந்தால், சொத்தைப் பிரிப்பதற்கோ கடனை அடைப்பதற்கோ, நோட்டரி வந்து வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதுவார். கட்டில், தலையணை, செம்புப் பானை, நாற்காலி என்று போகும் வரிசையில் "பழப் படம் ஒன்று" என்று ஒரு வரி வரும். பெரும்பாலும் வரைந்தவர் பெயர் இருக்காது. பட்டியல் எழுதுகிறவருக்கு அது தெரியாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் மறந்திருக்கும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த மைக்கேல் மாண்டியாஸ், டெல்ப்ட் என்ற ஊரின் நோட்டரிக் கட்டுகளை வருஷக்கணக்கில் உட்கார்ந்து படித்தார். அவர் படித்ததும் பாடம் நடத்தியதும் கம்யூனிஸ்டு நாடுகளின் பொருளாதாரம்! இந்தப் பழைய காகிதங்களின் மேல் ஆசை வந்து அதிலேயே மூழ்கிவிட்டார். 1982-ல் அவர் வெளியிட்ட புத்தகம், டெல்ப்ட் நகரத்துக் கைத்தொழிலாளர் வீடுகளிலும் படங்கள் தொங்கியதைப் பட்டியல் பட்டியலாக எடுத்துக் காட்டியது. எந்த அரண்மனை ஆவணமும் சொல்லாத செய்தியைச் சாமான் பட்டியல் எழுதிய கைகள் சொல்லிவிட்டன.

பம்பாய்க்குக் காளை அனுப்பியவர்

பழப் படம் வாங்கிய குமாஸ்தாக்களில் உலகப் புகழ் பெற்ற ஒருவரும் உண்டு. கெய்ன்ஸ் என்ற பொருளாதார மேதைதான் அவர். 1906-ல் லண்டன் இந்தியா ஆபீசில் இளநிலை குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை, பத்து இளம் காளைகளைக் கப்பலேற்றிப் பம்பாய்க்கு அனுப்புவது! 1913-ல் அவர் எழுதிய முதல் புத்தகமும் இந்திய நாணயம் பற்றியதுதான்.

1918 மார்ச் மாதம் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பாரீஸ் நகரத்தின் மேல் ஜெர்மானியர் தூரத்திலிருந்து பீரங்கிக் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், இறந்துபோன ஓவியர் டெகா சேர்த்து வைத்திருந்த படங்கள் அங்கே ஏலத்துக்கு வந்தன. குண்டுக்குப் பயந்து கூட்டம் குறையும், விலை விழும் என்று கணக்குப் போட்டார் கெய்ன்ஸ். அப்போது அவர் நிதித்துறையில் அதிகாரி. அரசாங்கத்திடம் 20,000 பவுன் அனுமதி வாங்கி, லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் தலைவர் ஹோம்சையும் கூட்டிக்கொண்டு பாரீசுக்குப் போனார். தன்னை யாரும் அடையாளம் கண்டு விலையை ஏற்றிவிடக் கூடாது என்று ஹோம்ஸ் மீசையை எடுத்துவிட்டுப் போனாராம்.

ஹோம்ஸ் பல படங்களை வாங்கினார். ஆனால் செசான் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த ஆப்பிள் படத்தைத் தொடவில்லை. பணத்தில் மீதி வைத்துக்கொண்டே திரும்பினார். அந்த ஆப்பிள் படத்தைக் கெய்ன்ஸ் தன் சொந்தக் காசில் 327 பவுனுக்கு வாங்கினார். உயரம் 19 சென்டிமீட்டர், அகலம் 27 சென்டிமீட்டர். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை விரித்தால் இதைவிடப் பெரிதாக இருக்கும்!

இங்கிலாந்து திரும்பிய கெய்ன்ஸ், கிராமத்தில் இருந்த நண்பர்கள் வீட்டுக்குப் போனார். மெயின் ரோட்டில் கார் இறக்கிவிட்டது. பெட்டி கனம். இருட்டு வேறு. படத்தை வேலியில் செருகி வைத்துவிட்டு நடந்து போய், "வேலியில் ஒரு செசான் இருக்கிறது" என்றாராம். நண்பர்கள் ஓடிப் போய் எடுத்து வந்தார்கள். கெய்ன்ஸ் 1946-ல் இறந்தார். அவர் வீட்டில் இருந்த அந்தப் படம் கேம்பிரிட்ஜில் அவர் கல்லூரிக்குச் சேர்ந்தது. இன்று அது அந்த ஊர் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. குண்டு விழும் ஊரில் வாங்கி, வேலியில் கிடந்த ஆப்பிளுக்கு இன்று கண்ணாடி, காவல், எல்லாம்!

அசலா, அச்சா?

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இந்திய வீட்டுச் சுவருக்கு எண்ணெய் வண்ண ஓவியம் வந்த வழி வேறு. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தன் ஓவியங்களை ஓலியோகிராப் முறையில் அச்சடித்தார். பின்னர் அந்த அச்சகம் லோனாவாலா பக்கம் மாறியது. கல்லில் பல வண்ணம் அடித்து, மேலே வார்னிஷ் பூசினால் தூரத்தில் பார்ப்பவருக்கு அசல் எண்ணெய் ஓவியம் போலவே இருக்கும். லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த வழியில்தான். அதன் பிறகு கோவில்பட்டி கொண்டைய ராஜு போன்றவர்கள் வரைய, சிவகாசி அச்சடிக்க, காலண்டர் படம் இல்லாத தமிழன் வீடே இல்லை என்று ஆனது. ஜூஸ் கடைகளில் மாட்டியிருக்கும் பழக்கூடைப் படங்களும் அச்சுதான்.

அச்சு மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அச்சை அசல் என்று சொல்லிக் காசு வாங்கினால் அது மோசடி. இன்று கித்தான் துணியிலேயே கம்ப்யூட்டர் அச்சு வந்துவிட்டது. அதன் மேல் நிறமில்லாத பசையைத் தூரிகையால் இழுத்துவிட்டால், தடவிப் பார்ப்பவர் கை ஏமாந்து போகும். சாலி குமாஸ்தா சொல்லும் சோதனைகள் எளியவை. ஒரு பூதக்கண்ணாடி போதும். அச்சு என்றால் வண்ணம் புள்ளி புள்ளியாகப் பிரியும். படத்தைச் சாய்த்து, பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அசலில் தூரிகையின் தடம் பழத்தின் வளைவோடு போகும். பசை பூசிய அச்சில் தடம் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். கித்தானை மடித்து ஆணி அடித்த ஓரங்களையும் பார்க்க வேண்டும். கையால் வரைந்ததில் வண்ணம் அங்கங்கே வழிந்திருக்கும். அச்சில் கத்தியால் வெட்டியது போல் கோடு நிற்கும்.

இன்னொரு ரகமும் உண்டு. கையால் வரைந்ததுதான், ஆனால் அதே தட்டு, அதே மூன்று ஆப்பிள், நூறு பிரதி. சீனாவில் ஷென்சென் நகரை ஒட்டிய டாபென் என்ற ஊரே இப்படி நகல் வரைவதில் உலகப் பிரசித்தம். அதை நகல் என்று சொல்லி, நகல் விலைக்கு விற்றால் குற்றமில்லை.

ஆக்ரிலிக் வண்ணத்தை எண்ணெய் வண்ணம் என்று சொல்வதும் உண்டு. ஆக்ரிலிக் அரை மணியில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படி அல்ல. ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம் அது. ஆளிச் செடியின் நாரில் நெய்தால் லினன் கித்தான். அதன் விதையை ஆட்டினால் எண்ணெய். ஒரே செடி துணியும் தருகிறது, வண்ணமும் தருகிறது! இந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகும். மேல் தோல் காய நாள்கணக்கு, உள்ளே காய மாதக்கணக்கு ஆகும். அதனால்தான் பழப்புக்கு அடியில் இருந்து ஒளி வருவது போல ஒரு மினுமினுப்பு எண்ணெய் ஓவியத்துக்கு இருக்கிறது.

வாங்கும்போது

காலாகோடாவில் ஜஹாங்கீர் ஓவியக் கூடம் இருக்கிறது. 1952-ல் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. அது தெரியாமல் வாசலோடு திரும்பும் நம்மவர்கள் அதிகம். உள்ளே தொங்கும் படங்களின் விலை தலை சுற்ற வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெளியே நடைபாதையில் ஓவியர்கள் தங்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். குர்லாக்காரர் மாம்பழத்தையும் கொய்யாவையும் வாங்கியது அங்கேதான்.

அவருடைய முறை இது. முதல் நாள் போய்ப் பார்ப்பார், வாங்க மாட்டார். அடுத்த சனிக்கிழமையும் அந்தப் படம் நினைவில் இருந்தால் மறுபடி போவார். வரைந்தவரிடமே கேட்பார்: எப்போது வரைந்தது, வார்னிஷ் போட்டாயிற்றா, பழத்தை எதிரில் வைத்து வரைந்ததா, போட்டோவைப் பார்த்தா? பேரம் உண்டு. ஆனால் கறிகாய் பேரம் கிடையாது. "நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். ஒரு கொத்தனார் கூலியாவது அவருக்கு நிற்க வேண்டாமா?" என்கிறார்.

சட்டம் போட்டு விற்பதை அவர் வாங்குவதில்லை. பல சமயம் படத்தைவிடச் சட்டத்துக்குத்தான் விலை அதிகம். படத்தை மட்டும் வாங்கி, பேட்டையில் உள்ள கடையில் சாதாரண தேக்குச் சட்டம் போட்டுக்கொள்கிறார். சோர் பஜாரில் பழைய படங்கள் கிடைக்கும். அங்கே 'நூறு வருஷத்துப் படம்' என்ற பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஓவியம் பிடித்தால் வாங்கலாம். வயதுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பிற்காலத்தில் விலை ஏறும் என்று வாங்கலாமா? வேண்டாம். அந்த ஆசைக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. அங்கேயும் பார்த்துத்தான் போக வேண்டும்!

மழையும் ஓவியமும்

மும்பையில் எண்ணெய் ஓவியத்துக்கு முதல் எதிரி ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் வரும் ஈரம். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டினால் கித்தானின் முதுகில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். உள்சுவரில் மாட்ட வேண்டும். சட்டத்தின் கீழ் இரண்டு மூலைகளிலும் பின்புறம் கார்க் துண்டு ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். கரப்பானும் பல்லியும் குடியேறாமல் மாதம் ஒரு தடவை பின்னால் பார்க்க வேண்டும்.

அடுப்புக்கு எதிரில் வேண்டாம். சாமி மாடத்துக்கு மேலேயும் வேண்டாம். ஊதுபத்திப் புகையும் கற்பூரக் கரியும் வண்ணத்தின் மேல் படிந்தால் எளிதில் போகாது. அப்படிக் கருத்த படத்தை உருளைக்கிழங்கு தேய்த்தும், சோப்புத் தண்ணீர் விட்டும், தேங்காய் எண்ணெய் தடவியும் 'சுத்தம்' செய்தவர்கள் உண்டு. படம் போனதுதான் மிச்சம். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பத்திரமாக இருக்கட்டும் என்று துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பதும் சரியல்ல. ஆளி எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சத்தில் வைத்தால் மறுபடி தெளியும். அதற்காக நேர் வெயிலில் காட்டவும் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைக் குர்லாக்காரர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

2005 ஜூலை 26. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள். மித்தி ஆறு பொங்கிக் குர்லா மூழ்கியது. அவர் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறியது. ரேஷன் கார்டும் பெண்ணின் சர்ட்டிபிகேட்டுகளும் பிளாஸ்டிக் பையில் பரண் மேல் ஏறின. நாலு படங்கள் உயரத்தில் தொங்கியதால் தப்பின. கிரைண்டருக்குப் பக்கத்தில் தாழ்வாக மாட்டியிருந்த சீதாப்பழம் மட்டும் இரவு முழுக்கச் சேற்றுத் தண்ணீருக்குள் இருந்தது.

மூன்றாம் நாள் வெயில் வந்ததும் அதைத் தகரக் கூரை மேல் காயப் போட்டார். கித்தான் சுருங்கியது. வண்ணம் சுருங்கவில்லை. செதில் செதிலாக எழும்பி உதிர்ந்தது. நனைந்த படத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று பிறகுதான் ஒரு ஓவியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெளிச் சட்டத்தைக் கழற்றலாம். கித்தானை இழுத்துக் கட்டிய மரக்கட்டையிலிருந்து அதைப் பிரிக்கக் கூடாது. வண்ணம் மேலே இருக்கும்படி கிடையாக வைத்து, நிழலில், நல்ல காற்றோட்டத்தில் விட வேண்டும். துடைக்கவே கூடாது.

அபராதம் கட்டிய ஓவியர்

ஹாலந்தின் மிடில்பர்க் ஊரில் ஆட்ரியான் கூர்ட்டே என்று ஒரு ஓவியர் இருந்தார். சுமார் 1683 முதல் 1707 வரை வரைந்தவர். அவர் வாழ்க்கை பற்றி ஊர்ப் பதிவில் உள்ள முக்கியமான ஒரே குறிப்பு என்ன தெரியுமா? ஓவியர் சங்கத்தில் உறுப்பினராகச் சேராமல் படம் விற்றதற்காக 1695-96 கணக்கில் அவருக்கு அபராதம் போட்டதுதான்!

ஒரு கல் விளிம்பு. பின்னால் கறுப்பு. விளிம்பின் மேல் மூன்று பழமோ, ஒரு கை ஸ்ட்ராபெரியோ. அவ்வளவுதான் அவர் படம். பலவற்றைக் காகிதத்தில் வரைந்து பலகையில் ஒட்டினார். 1705-ல் அவர் வரைந்த காட்டு ஸ்ட்ராபெரிப் படம் பதினாறரை சென்டிமீட்டர் உயரம், பதினாலு அகலம். ஒரு சாணுக்கும் குறைவு. பெரிய மனிதர்கள் யாரும் அவரைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இறந்த பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயரே கலை உலகத்தில் இல்லை. படங்கள் மட்டும் வீடு வீடாகக் கை மாறிக்கொண்டிருந்தன.

1950-களில் டோர்ட்ரெக்ட் ஊர் மியூசியத்தின் தலைவர் லாரன்ஸ் போல் அந்தப் படங்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். 1958-ல் அவற்றை ஒன்றாக வைத்துக் கண்காட்சி நடத்தினார். இன்று ஹேக் நகரத்து மவுரிட்ஷுயிஸ் மியூசியத்தில் அந்த ஸ்ட்ராபெரிப் படத்துக்கு முன்னால் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். போல் அவர்களுக்கு வழி காட்டியது எது? கூர்ட்டே பல படங்களில் கல் விளிம்பின் மேல் தன் பெயரையும் வருஷத்தையும் மறக்காமல் எழுதி வைத்திருந்ததுதான்.

குர்லாக்காரருக்குக் கூர்ட்டே கதை தெரியாது. ஆனால் 31 வருஷம் சரக்குப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? அவருடைய ஒவ்வொரு படத்தின் முதுகிலும், மரச் சட்டத்தின் மேல், பென்சிலில் வாங்கிய தேதி, இடம், விலை, வரைந்தவர் பெயர், வரைந்தவரின் சொந்த ஊர் எல்லாம் இருக்கின்றன. கித்தான் மேல் எழுதினால் முன்பக்கம் தெரியும் என்பதால் சட்டத்தில் மட்டும்தான் எழுதுவாராம்.

சீதாப்பழத்தை எடுத்துவிட்டு வேறு படம் மாட்டலாம் என்று அவர் ஒருமுறை சொன்னபோது மறுத்தது அவர் மனைவிதான். "எங்க ஊரு வேலியோரத்துப் பழம் மாதிரியே இருக்கு. இருக்கட்டும்" என்றாராம். அந்தப் படத்தைத் திருப்பினால் பழைய பதிவுக்குக் கீழே இன்னொரு பதிவும் இருக்கிறது:

"26-7-2005. வீட்டில் தண்ணீர் புகுந்தது. 29-ந் தேதி வெயிலில் காயப் போட்டது தவறு."